படத்தில் மட்டும் பேஸ் இல்லை

ஜூன் 4

அன்புள்ள காதுக்காரிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேச வேண்டாம், கடிதம்தான் என்று நீ உத்தரவு போட்டுவிட்டுப் போனதிலிருந்து எனக்குப் பேனா தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது. நம் வீட்டில் இருக்கும் பேனா ஒன்றும் எழுதுவதில்லை. இது வேலைப் பையில் இருந்து எடுத்த பேனா. லிஃப்ட் ரிப்பேர் சீட்டு மாதிரி கையெழுத்து இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழ் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் மூச்சு வாங்க மாடியேற்றிய, தும் தும் என்று இடிக்கிற அந்தப் பெரிய பேஸ் பெட்டி, குழந்தை படுக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறதாம். நான் டிவியில் விளையாட உட்கார்ந்தாலும் படம் போட்டாலும் குழந்தை விழித்துக்கொள்கிறது. கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, படம் முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க, அதுக்கப்புறம் நாங்க தூங்கிக்கிறோம்" என்றார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அதனால் பெட்டியைப் பிடுங்கிவிட்டு ஹெட்போன் வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கத் தொங்குகிறது. க்ளோஸ்டு பேக் என்கிறார்கள், ஓப்பன் பேக் என்கிறார்கள். விளையாட்டுக்கும் வேண்டும், படத்துக்கும் வேண்டும். பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும். காது கேட்கிறதா என்று சோதிக்க நாள் முழுக்க ஊர்க்காரர்கள் காதில் ஹெட்போன் மாட்டிவிடுகிறவள் நீ. உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்? எது நல்லது? காதை முழுதாக மூடுவதா, காது மேல் உட்காருவதா? வயர் உள்ளதா, இல்லாததா? பதில் போடு.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூன் 12

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து ரிப்பேர் சீட்டு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. போன் ஏன் வேண்டாம் என்று சொன்னேன் என்பது உங்களுக்கே தெரியும். நான் பேசப் பேச அந்தப் பக்கம் பட்டன் தட்டும் சத்தம் கேட்கும், நடுநடுவே ஒரு "ம்". எழுத வேண்டுமென்றால் ஒரு கை பேனாவைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை தாளை அமுக்க வேண்டும். இரண்டு கையும் எனக்காக வேலை செய்யட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

ஹெட்போன் விஷயம். ஓப்பன் பேக்கில் பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்கும். சத்தம் காற்றோட்டமாக இருக்கும், ஆனால் வெளியேயும் கேட்கும், பேஸும் கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது க்ளோஸ்டு பேக். பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே இடிப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது. குழந்தை நிம்மதியாகத் தூங்கும். காதை முழுதாக மூடுகிற பெரிய மெத்தையாகப் பாருங்கள். வயர் உள்ளதே நல்லது. வயர் இல்லாததில் சிலது படத்தில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமாக வரும். இன்னொன்று, பேஸ் அளவுக்கு மீறினால் விளையாட்டில் எதிரி நடந்து வருவது காதில் விழாது. எல்லாவற்றையும் அது மூடிவிடும்.

இனி நான் பக்கத்தில் இல்லை. வெடிச் சத்தத்துக்கு முகம் சுளிக்க ஆளில்லை. ஆசை தீர இடிக்கட்டும்.

இங்கே ஒரு சேதி. இந்தக் கிளை ஆஸ்பத்திரியில் என்னை நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். ஒரு வருஷத்துக்கென்றுதான் வந்தேன். ஜூலை கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழைய இடத்துக்கே, நம் வீட்டுக்கே வந்துவிடலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
காதுக்காரி


ஜூன் 20

அன்புள்ள காதுக்காரிக்கு,

நீ சொன்னது ரொம்ப உபயோகம். க்ளோஸ்டு பேக், பெரிய மெத்தை, வயர் என்று கடையில் போய் நின்றேன். கடையில் இருக்கிற பெண், "யாரோ நல்லா சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றாள். எங்கள் வீட்டு டாக்டரம்மா என்றேன். டாக்டர் இல்லை என்று நீ இப்போது மூக்கைச் சுருக்குவது தெரிகிறது.

ஒன்றை எடுத்துக் காதில் மாட்டி ஒரு பாட்டைப் போட்டாள். அடேயப்பா, பல் வரைக்கும் ஆடியது. அதையே வாங்கிக்கொண்டு வந்தேன். மெத்தை தோலா, துணியா என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல் தோல் என்றேன். சரிதானா? வேர்க்குமா?

வேலையில் புதிதாக ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு அம்மா நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். விளக்கும் போய்விட்டது. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "பயப்படாதீங்கம்மா, நான் இங்கேயேதான் இருக்கேன், எங்கயும் போகல" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மகன், மருமகள், முட்டிவலி, எல்லாக் கதையும் சொன்னார். கதவு திறந்ததும், "அதுக்குள்ள தொறந்துட்டியே" என்றார். சிரித்துவிட்டேன்.

நீ கேட்டது ஞாபகம் இருக்கிறது. உன் வேலை, உன் இஷ்டம். நான் என்ன சொல்ல?

ஹெட்போனை இன்று சாயங்காலம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூன் 27

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

தோல் மெத்தைதான் பேஸுக்கு நல்லது. காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டும். வேர்க்கத்தான் செய்யும், நடுநடுவே கழற்றி வையுங்கள். காதுக்கும் காற்று வேண்டும்.

லிஃப்டில் மாட்டிய அம்மா கதையைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒருவரிடம், முகம்கூடத் தெரியாமல், மூடிய கதவு வழியாக அவ்வளவு பேசுகிறீர்கள். முட்டிவலி வரைக்கும் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஏதாவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

இங்கே என் அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம். காலையில் போய் அந்தச் சத்தம் புகாத அறைக்கு வெளியே உட்கார்ந்தால், கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே "கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிச் சொல்லி நாள் போகிறது. வார்டு பெருக்குகிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். தினமும் என் மேஜைக்கு வந்து, "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லும்வரை நிற்பார். ரொட்டியும் முட்டையும் என்றால்கூட, "முட்டை எப்படிப் போட்டே?" என்பார். இந்த ஊரில் என்னைப் பிடித்து வைத்திருப்பது அவர்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதங்களில் கேள்விக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஹெட்போனைப் பற்றி.

உங்கள் இஷ்டம் என்னவென்றுதான் நான் கேட்டேன்.

இப்படிக்கு,
காதுக்காரி


ஜூலை 6

அன்புள்ள காதுக்காரிக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய். நான் எழுதுவதில் கெட்டிக்காரன் இல்லை என்று தெரிந்துதானே எழுதச் சொன்னாய். கொஞ்சம் பொறு.

ஹெட்போனில் ஒரு தகராறு. முதலில் வாங்கியதில் விளையாட்டு நன்றாக இருந்தது. குண்டு விழுந்தால் முதுகு சிலிர்த்தது. ஆனால் படம் போட்டால் பேஸே இல்லை. வெடிக்கிற இடத்தில் யாரோ தலையணையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் அதே பாட்டைப் போட்டாள், பல் ஆடியது. "நல்லாதானே இருக்கு?" என்றாள். எனக்கு மானமே போயிற்று. இருந்தாலும் மாற்றிக் கொடுத்தாள், இதைவிடப் பெரியதாக, பேஸுக்கென்றே செய்ததாம். வீட்டுக்கு வந்து மாட்டினால் பழைய கதைதான். விளையாட்டில் இடிக்கிறது, படத்தில் இல்லை.

இப்போது படங்களே பேஸ் இல்லாமல் எடுக்கிறார்களா? அல்லது டிவியில் ஏதாவது மாற்ற வேண்டுமா? என் மூக்குக்கண்ணாடி காரணமாக இருக்குமா? கண்ணாடிக் கால் மெத்தைக்குள் போகிறது. காது கெட்டுப்போய்விட்டதோ என்று பயமாகவும் இருக்கிறது. நாள் முழுக்க மோட்டார் பக்கத்தில் நிற்கிறவன் நான்.

வீடு அப்படியே இருக்கிறது. உன் நாற்காலியில் துவைத்த துணி போட்டு வைத்திருந்தேன், நேற்று மடித்து எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூலை 13

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கோபம் இல்லை. காது கெட்டுப்போயிருந்தால் விளையாட்டிலும் பேஸ் போயிருக்கும். அதனால் பயப்பட வேண்டாம். கண்ணாடிக் கால் உள்ளே போனால் இடைவெளி விழும், அந்த வழியாக முதலில் ஓடிப்போவது பேஸ்தான். ஆனால் விளையாடும்போதும் கண்ணாடி போட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள். அதுவும் இல்லை. டிவியில் சத்தத்தைத் தானே சமன் செய்கிற ஒரு வசதி இருக்கும், அதை நிறுத்திப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லையென்றால் ஒன்று செய்யுங்கள். இங்கே வருகிறவர்களிடம் "கேக்கலை" என்றால் எது கேட்கவில்லை, எப்போது கேட்கவில்லை, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்போம். பாதிப் பேருக்கு அதிலேயே காரணம் தெரிந்துவிடும். நீங்களும் ஒரு படத்தைப் போட்டு, ஒரு வெடிக் காட்சியை மட்டும் பாருங்கள். எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள், கை எங்கே இருக்கிறது, என்ன கேட்கிறது, ஒன்றுவிடாமல் எழுதுங்கள். நமக்குப் பழக்கமான படமாக இருக்கட்டும். அந்தச் சுரங்க ரயில் படத்தையே போடுங்கள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது. அதையும் நான் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் நீங்கள் தனியாக ஒரு தடவை பார்த்துவிட்டீர்கள். எந்தப் படம் வந்தாலும் அப்படித்தான். என்னோடு சேர்ந்து முதல் தடவை பார்க்க உங்களுக்கு என்ன குறைச்சல் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், கேட்டதில்லை. நான் பக்கத்தில் உட்காரும்போது உங்களுக்கு அது பார்த்து முடித்த பழைய படம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, இப்போது சொல்லிவிட்டேன்.

முடிவு சொல்ல நாள் நெருங்குகிறது.

இப்படிக்கு,
காதுக்காரி


ஜூலை 19

அன்புள்ள காதுக்காரிக்கு,

டிவியில் நீ சொன்ன வசதியை நிறுத்திப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

சுரங்க ரயில் படம் போட்டேன். நீ சொன்னபடி எழுதுகிறேன், சிரிக்காதே. என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஹெட்போன் மாட்டியிருக்கிறது, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன். வயரில் சத்தம் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரம் ஒன்று இருக்கிறது, வலது கை அதன்மேல். ரயில் சுரங்கத்துக்குள் போகிறது. டிரைவர் மணியைப் பார்க்கிறார். இசை நின்றுவிடுகிறது. அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறாள், அந்தச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கிறது. மூடி திருகி முடித்ததும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், வழக்கம்போல. உடனே வெடித்தது. வெறும் "டப்". பை கீழே விழுந்த மாதிரி. புகை அடங்கி அவர்கள் பேச ஆரம்பித்ததும் பழையபடி கூட்டிக்கொண்டேன். பேச்செல்லாம் சுத்தமாகக் கேட்கிறது. பேஸ் மட்டும்தான் இல்லை.

இதில் ஏதாவது புரிகிறதா? இதையும் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பெண் என்னைக் கடைக்குள்ளேயே விடமாட்டாள்.

ஊருக்கு வருவாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இல்லை என்று எழுதிவிடுவாயோ என்று இருக்கிறது. ஹெட்போன் பற்றிக் கேட்டால் பதில் வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூலை 29

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை. முதலில் வாங்கியதிலும் இருந்திருக்காது. பேஸ் வரும் இடம் பார்த்து நீங்களே அதைக் குறைத்துவிடுகிறீர்கள். விளையாட்டில் குண்டு எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அங்கே முழுதாக இடிக்கிறது. கடையில் சக்கரம் உங்கள் கையில் இல்லை. படத்தில் மட்டும் வெடி எங்கே வரும் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

"வழக்கம்போல" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். சாப்பாட்டு நேரம். எழுந்துபோய்ச் சத்தம் புகாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கு அந்த அறை ரொம்ப வசதி.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னேன், நாள் முழுக்க "பீப்" சத்தம் கேட்டுக் கேட்டுக் காது தோலுரிந்த மாதிரி இருக்கிறது, வெடிச் சத்தம் தாங்கவில்லை என்று. அதற்குப் பிறகு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நானும் பழகிக்கொண்டேன் என்றல்லவா நினைத்தேன், நீங்கள் ரிமோட்டில் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். எந்தப் படமானாலும் தனியாக ஒரு தடவை பார்த்தது, வெடி எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தானே? எனக்கு வருத்தமாக இருந்ததே அதுதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்ல மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நல்ல ஜோடிதான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் போட்டேன். அதை மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கோபத்தில் போட்டிருந்தால் என்றைக்காவது கோபம் தணிந்து ஓடி வந்துவிடுவேன். கோபம் சுத்தமாகப் போன பிறகு, உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போட்டேன்.

என்மேல் உங்களுக்கு இருக்கிற பிரியம் உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. அதை இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் கண்டுபிடிக்கவில்லை, அது என் துரதிர்ஷ்டம். ஆனால் வெடிக்குக் குறைத்த நீங்கள் நான் பேச வந்தபோது ஒரு தடவையும் குறைக்கவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்களுக்குத் திரும்பி வர எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கேயும் தனிமைதான். ஆனால் இது பக்கத்தில் ஆள் இல்லாததால் வருகிற தனிமை, தாங்கிக்கொள்ள முடிகிறது.

ஒரு தடவை கையை எடுத்துவிட்டு அந்தப் படத்தைப் பாருங்கள். ஆசைப்பட்டு வாங்கியது, முழுதாகக் கேளுங்கள். முகம் சுளிக்க நான் இல்லை.

எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். எழுதினால் ஹெட்போன் பற்றி வேண்டாம்.

இப்படிக்கு,
காதுக்காரி


ஆகஸ்ட் 8

அன்புள்ள காதுக்காரிக்கு,

கடிதம் வந்து பல நாளாகிறது. வேலைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன், வீட்டில் படித்தேன்.

நேற்று சாயங்காலம் நீ சொன்னபடி செய்தேன். ஹெட்போன் பற்றி இந்த ஒரு தடவை மட்டும் எழுத விடு. வலது கை சும்மா இருக்காது என்று தெரியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் மணி பார்த்தார், அந்தப் பெண் மூடியைத் திருகினாள். கை அடியில் கிடந்து தவித்தது. வெடித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நெஞ்சுக்குள் புகுந்து இடித்தது. இவ்வளவு பெரிய சத்தமா அது? முதல் தடவை தனியாகப் பார்த்தபோதுகூட நான் வெடியைக் கவனித்ததில்லை, அதற்கு முன்னால் என்ன வருகிறது என்பதைத்தான் பார்த்து வைத்துக்கொள்வேன். பயந்துபோய் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று.

ஹெட்போனைக் கழற்றினேன். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடி நின்றது. கீழே குழந்தையிடம் அதன் அம்மா என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்குப் பதில் சொல்லத் தெரியும் என்கிற மாதிரி. பிறகு அதுவும் நின்றுவிட்டது. நம் வீடு சாயங்காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எழுந்துபோய் உன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கிருந்து தெரிவது என் நாற்காலியின் முதுகுதான். ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை.

ஹெட்போனைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்கு அழுகை வந்தது, அதை மட்டும் சொல்கிறேன். வா என்று கேட்க இப்போது எனக்கு வாயில்லை.

இனி என்ன எழுதுவது என்று யோசித்தேன். கேட்பதற்கு ஹெட்போனும் இல்லை. லிஃப்டில் மாட்டியவர்களிடம் கேட்கத் தெரிந்தவனுக்கு உன்னிடம் என்ன கேட்பதென்று தெரியவில்லை என்றால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மேஜையைச் சுத்தம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கையில் பேனா, இன்னொரு கை தாள்மேல்.

நீ இன்று என்ன சாப்பிட்டாய்? முட்டை என்றால், எப்படிப் போட்டாய்?

மெதுவாக எழுது. நான் இங்கேயேதான் இருக்கிறேன், எங்கேயும் போகவில்லை.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்